முதுகுப் பட்டன்

ஏப்ரல் 7, ஞாயிறு

பியூலா வந்து இறங்கிவிட்டாள். என் தம்பி ஜெயசிங்கின் பெண்டாட்டி. மஸ்கட்டில் நர்ஸ். மகள் எப்சிக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்த காலத்தில் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு விமானம் ஏறியவள், நடுவில் ஒரு கிறிஸ்துமஸுக்குத் தலையைக் காட்டினாள், இப்போது இரண்டு மாத லீவில் வந்திருக்கிறாள். காரிலிருந்து பெட்டிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. அவள் போட்டிருந்த சென்ட், மத்தியானம் வைத்த மீன்குழம்பின் வாசனையை வீட்டைவிட்டே துரத்திவிட்டது.

எப்சி என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கு அது போதும்.

சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல் மடியில் வைத்து, காக்காய்க் கதை சொல்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். பியூலா தன் தட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் ஊட்டித்தான் விடுதீங்களா மைனி?"

"இல்ல, தபால்ல அனுப்புதேன்."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கும் ஜாதி இல்லை அது.

சாயங்காலம் ஜெயசிங் போன் செய்தான். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஜூனில் எப்சியை மஸ்கட்டுக்குக் கூட்டிப்போகப் போகிறார்களாம். இரண்டு பேருக்கும் மாறி மாறி ஷிப்ட். அங்கே பள்ளிக்கூடத்தில் ஊட்டிவிடவும் கால் கழுவிவிடவும் ஆயா கிடையாது. பிள்ளை தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். "மே கடைசியில நான் வருவேங்க்கா. அவளால முடியும்னு நீ சொன்னா கூட்டிட்டுப் போறேன். முடியாதுன்னா இன்னும் ஒரு வருஷம் ஒங்கிட்டயே இருக்கட்டும். நீதானே வளத்தவ, ஒனக்குத்தான் தெரியும்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நாலரை வயசுப் பிள்ளை தானாகக் குளித்து, தானாக உடுத்தி, தானாகத் தின்று, அதுவும் இரண்டு மாதத்தில். நடக்கிற காரியமா?

ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி இத்தனை நாள் சும்மா கிடந்தது. நடப்பதை இதில் எழுதி வைக்கப் போகிறேன். நாளைக்கு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. நான் நியாயமானவள்.

ஏப்ரல் 9

பல் தேய்த்துவிடுவது நான். குளிப்பாட்டுவது நான். கக்கூஸில் உட்கார வைத்து, கை பிடித்து நின்று, கழுவிவிடுவது நான். தலை சீவி, பவுடர் போட்டு, கவுன் மாட்டி, செருப்புப் போட்டு நிறுத்தினால் எப்சி பொம்மை மாதிரி இருப்பாள். தெருவே பார்க்கும்.

இன்று குளியலறையில் குழாய்க்குக் கீழே ஒரு பலகை முளைத்திருக்கிறது. எப்சி ஏறி நின்று தானே பல் தேய்க்கவாம். விடிந்ததும் அதில்தான் இடறி விழப் பார்த்தேன். தேய்த்தாள் மகராசி. பேஸ்ட் பாதி கன்னத்தில், மீதி கண்ணாடியில்.

பியூலா பக்கத்தில் நின்றாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. "என்னட்டி, வேண்டுதலா?" என்று கேட்டேன்.

"கை முன்னால இருந்தா தானாப் போயிரும் மைனி. பிள்ளை கொஞ்சம் திணறுன ஒடனே நாம செஞ்சு குடுத்துருவோம். அதான் கட்டிக்கிடணும்."

எப்சி வாய் கொப்பளித்து முடித்ததும் பியூலா கை தட்டினாள். வாய் கொப்பளித்ததற்குக் கைதட்டு! கோயிலில் பாட்டுப் பாடினால்கூட எங்களுக்கு யாரும் தட்டியதில்லை.

ஏப்ரல் 12

இன்று கவுன் சண்டை.

பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைக்குக் கவுன் தைக்க வேண்டுமென்றால் கிருபாவதியிடம் போ என்பார்கள். ஞானஸ்நானத்துக்கு, பண்டிகைக்கு, கல்யாணத்தில் பூப்போடும் பிள்ளைகளுக்கு, எல்லாம் என் மெஷினில் தைத்ததுதான். எப்சியின் அலமாரியைத் திறந்தால் கடைக்காரன் தோற்றுப் போவான். அத்தனையும் முதுகில் பட்டன் வைத்தது. நெஞ்சுப் பக்கம் வெட்டு விழாமல் இருந்தால்தானே பூவேலை போட முடியும்? அழகான கவுனுக்கு முதுகில்தான் பட்டன். இது எனக்கு மெஷின் பழக்கிய டீச்சர் காலத்திலிருந்து சட்டம்.

பியூலா ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழகாக இருக்கிறது என்று சொல்வாளாக்கும் என்று காத்திருந்தேன்.

"எல்லாம் முதுகுலயே இருக்கே மைனி. பிள்ளை தானா எப்படிப் போடுவா?"

"எதுக்குத் தானாப் போடணும்?"

"இதப் போட்டா அவளுக்கு எப்பவும் ஒரு ஆள் வேணும்லா?"

"ஆள்தான் நான் இருக்கேம்லா."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. எனக்கு ஒரு நோயும் இல்லை.

ஏப்ரல் 15

தோசையைத் தானே பிய்த்துத் தின்றாளாம். பாதி தரையில். எறும்புகளுக்கு இன்று பண்டிகை.

ஏப்ரல் 18

பூவேலை பாக்கி ஒன்று இருந்தது. மத்தியானம் உட்கார்ந்தேன். எப்சி மெஷினுக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டாள். நூலை வாயில் நனைத்து, விரலால் உருட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் கோத்துக் கொடுப்பாள். ஒரே தடவைதான், தப்பாது. கொஞ்ச நாளாகவே எனக்குக் கோத்துத் தருவது அவள்தான். கண்ணாடி போடும் வயசு எனக்கு இன்னும் வரவில்லை, அந்த அறையில் வெளிச்சம் குறைவு. அவ்வளவுதான்.

நிமிர்ந்தால் வாசலில் பியூலா.

"மைனி, ஊசியில நூல் கோக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கா பட்டன் போடத் தெரியாது?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

எப்படி வேறு என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. மெஷினை ஓட்டினேன். மெஷின் சத்தத்தில் ஒரு நன்மை, அடுத்தவர் பேசுவது கேட்காது.

ஏப்ரல் 23

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

குளிக்கும்போது எப்சி கண்ணில் சோப்பு பட்டுவிட்டது. "அத்தை, அத்தை" என்று வீடு இடியக் கத்தினாள். ஓடினேன். பியூலா உள்ளேதான் நிற்கிறாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. "செம்பு அங்கன இருக்கு எப்சி. மோந்து முகத்துல ஊத்து. ஒன்னால முடியும்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை கையை நீட்டித் தடவுகிறது. எனக்கு வந்ததே கோபம்! அவளை ஒதுக்கிவிட்டுப் போய் நானே தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"இன்னும் கொஞ்சத்துல செம்பத் தொட்டுருப்பா மைனி."

"இன்னும் கொஞ்சத்துல கண்ணு போயிருக்கும்."

"சோப்புல கண்ணு போகாது. நான் நர்ஸு."

"நீ ஊருக்கெல்லாம் நர்ஸு. பெத்த பிள்ளை கத்தினா கையைக் கட்டிக்கிட்டு நிக்க."

அவள் முகம் மாறியது. "நீங்க பிள்ளைய வளக்கல மைனி. கட்டிப் போட்டிருக்கீங்க. கவுனுக்கு முதுகுல பட்டன் வைக்கிறதே அதுக்குத்தான்."

"பெத்துப் போட்டுட்டுப் போனவ வளக்கிறதப் பத்திப் பேசாத."

நான் சொன்னதில் என்ன பொய் இருக்கிறது? அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர்க் கஷ்டம் தெரியாதவள். கதவைத் தட்டி, குழாயை மூடு என்று சொல்லலாம் என்று போனேன். பிறகு தட்டாமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 27

எப்சியின் செருப்புக்குள், இடது வலது தெரிய பியூலா ஏதோ படம் ஒட்டி வைத்திருந்தாள். அழுக்காகத் தெரிந்தது. பிய்த்துப் போட்டேன். குளியலறைப் பலகையைப் பரண்மேல் வைத்தேன். இடறுகிறது.

ஏப்ரல் 28, ஞாயிறு

பலகை மறுபடியும் கீழே வந்துவிட்டது. கோயிலில் பியூலாவும் நானும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். நடுவில் எப்சி. சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லோரும் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கை கொடுத்தார்கள். நான் பின்பெஞ்சுக்காரிக்குத் திரும்பிக் கொடுத்தேன். அவள் முன்பெஞ்சுக்காரிக்குக் கொடுத்தாள்.

மே 1

மஸ்கட் பெட்டியிலிருந்து புது உடுப்பு ஒன்று வெளியே வந்தது. தோளில் பட்டை வைத்த நீளக் காற்சட்டை, மெக்கானிக் போடுவது மாதிரி. நெஞ்சில் இரண்டு பெரிய பட்டன். அதைக் கழற்றினால் பட்டை விழும், காற்சட்டையும் இறங்கும். எப்சி காலையிலிருந்து அதைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். பத்து மணிவாக்கில் யாரிடமும் சொல்லாமல் தானே கக்கூஸுக்குப் போய், தானே கழுவி, தானே மாட்டிக்கொண்டு வந்து நடு வீட்டில் நின்றாள். "நான் போயிட்டு வந்துட்டேன்" என்றாள். பியூலா கை தட்டினாள். போனில் ஜெயசிங்கைக் கூப்பிட்டு, வீடியோவில் பிள்ளையைக் காட்டினாள். அவனும் அங்கேயிருந்து தட்டினான்.

எப்சி என்னையும் பார்த்தாள். என் கையில் காய்கறி இருந்தது.

மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த உடுப்பு துவைத்துக் காய்ந்ததும் எடுத்துப் பார்த்தேன். பேர்தான் வெளிநாடு, தையல் மட்டம். பட்டன் நுழைகிற காஜா இரண்டும் தொளதொளவென்று இருந்தன. அப்படியே விட்டால் நாளாக ஆகத் துணி நைந்துவிடும். இரண்டு ஓரத்திலும் நாலு தையல் போட்டுக் கொஞ்சம் இறுக்கினேன். துணியின் நன்மைக்குத்தான். நூல் நிறம் பொருத்திப் போட்டேன், யார் கண்ணுக்கும் தெரியாது. ஊசியில் எப்சிதான் கோத்துக் கொடுத்தாள். எதற்கென்று கேட்கவில்லை.

மே 3

எப்சிக்குப் பட்டன் கழற்ற வரவில்லை. "அத்தை, நீ கழத்திவிடு" என்று என்னிடம் ஓடி வந்தாள். கழற்றிவிட்டேன். மாட்டியும் விட்டேன். பியூலா பார்க்கவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

மே 8

விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்கிவிட்டது. மே மாதம் எங்கள் கோயிலில் பத்து நாள் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் கைவேலையும் நடக்கும். நடத்துவது வயலா டீச்சர். எப்சியை நான்தான் கூடப் போய்க் கூடவே இருந்து கூட்டி வருவதாகச் சொன்னேன். பியூலா கேட்கவில்லை. "டீச்சர் கூடப் போகட்டும். தனியா இருந்து பழகட்டும்" என்றாள். அந்தக் காற்சட்டையைத்தான் போட்டுவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வேறு கவுன் போடு என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

பன்னிரண்டு மணிக்கு வயலா டீச்சர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எப்சி யாருடையதோ பாவாடையைக் கட்டியிருந்தாள். காற்சட்டை ஒரு பாலிதீன் பைக்குள் ஈரமாகக் கிடந்தது.

"தானாத்தான் ஒண்ணுக்குப் போறேன்னு போனாக்கா. நல்ல பிள்ளை. ரொம்ப நேரமாக் காணலியேன்னு போய்ப் பாத்தா, சுவர் ஓரமா நிக்கா. எல்லாம் ஈரம். அதுக்குள்ள நாலு பயலுவ பாத்துட்டானுவ. பாட்டாவே பாடிட்டானுவ, மூதிகள்."

பியூலாவுக்குப் பொறுமை போய்விட்டது. இத்தனை நாளில் அவள் குரலை உயர்த்தி இன்றுதான் கேட்டேன். "வீட்ல தானே கழத்துனியே எப்சி! அங்க ஏன் கழத்தல? விளையாட்டுல மறந்துட்டியா?"

"கழத்துனேன். வரல."

"வராம எப்படிப் போகும்?"

"வரலம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. மத்தியானம் தட்டைத் தொடவில்லை. என் மடியில் வந்து ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்தாள். ஊட்டினேன். பியூலா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் எழுத வேண்டும். இரண்டாவது வாய்க்கு மேல் சோறு சிந்தியது.

சாயங்காலம் அவளை உற்சாகப்படுத்தலாம் என்று ஊசியையும் நூலையும் நீட்டினேன். இரண்டு கையையும் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"எனக்கு வராது அத்தை."

"கோக்க வராதா? நீதானட்டி எப்பவும் கோப்ப?"

"வராது. என் கை கெட்டுப் போச்சு."

மே 9

இன்று தைக்கவில்லை. நூல் கோக்க ஆளில்லை.

மே 10

பியூலா அந்தக் காற்சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். எப்சி வெளியே பூனையோடு இருந்தாள். இஸ்திரிச் சத்தம் நின்றது.

பியூலா வந்து என் முன்னால் நின்றாள். காஜாவை விரலால் விரித்துக் காட்டினாள்.

"இது என்ன மைனி?"

"தொளதொளன்னு கெடந்துச்சு. துணி நைஞ்சிரும்னு ரெண்டு தையல் போட்டேன்."

"எப்ப போட்டீங்க?"

"ஞாபகம் இல்ல."

"நானும் தையல் போடுறவதான் மைனி. மனுச தோல்ல. எது பழசு, எது புதுசு, எது எதுக்குப் போட்டதுன்னு பாத்தாலே தெரியும்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். "நான் அவளத் திட்டிட்டேன். ஒங்க தையலுக்கு நான் எம்பிள்ளையத் திட்டிட்டேன். ராத்திரி அவ தன் கையைப் பாத்துப் பாத்து அழுதா. கையை மைனி!"

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தேன். "ஜெயசிங்கிட்ட சொல்லப் போறியா?"

"சொல்லமாட்டேன். சொன்னா, நீங்க அவருக்குக் கூடப் பொறந்தவ, நான் வந்தவ. ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்லுதான்னு அவரு ஒக்காந்து யோசிக்கணும். அதுக்கெல்லாம் எனக்கு நாள் இல்ல." காற்சட்டையை மெஷின்மேல் எறிந்தாள். "நீங்க போட்டத நீங்களே பிரிங்க."

கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று எழுத இன்றைய பக்கத்தில் இடமில்லை.

மே 11

பிரித்தேன்.

போடும்போது கண்ணுக்குத் தெரிந்த தையல், பிரிக்கும்போது தெரியவில்லை. வாசல்படியில் வெயிலில் போய் உட்கார்ந்து பிளேடு முனையால் ஒவ்வொன்றாக எடுத்தேன். விரலில் ஒரு இடத்தில் ரத்தம் வந்தது. வரட்டும்.

பியூலா கடைக்குப் போயிருந்த நேரம் எப்சியைக் கூப்பிட்டு அதை மாட்டிவிட்டேன். "கழத்து பாப்போம்" என்றேன்.

"நீ கழத்து."

"என் கை கட்டிக் கெடக்கு." முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். நிற்கவே வரவில்லை. எழுதச் சங்கடமாக இருக்கிறது. இந்தக் கை இரண்டும் எனக்கு அடங்காத ஜென்மங்கள் என்று இன்றுதான் தெரிந்தது. ஒன்றை ஒன்று பிடித்து வைக்க வேண்டியிருந்தது.

எப்சி பட்டனைத் தொட்டாள். விட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். ஒரு விரலால் தள்ளினாள். பட்டன் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

அவள் பட்டனைப் பார்க்கவில்லை. தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கை நல்ல கைதான் பிள்ள. காஜாதான் கெட்டுப் போயிருந்துச்சு" என்றேன்.

"யாரு கெடுத்தா?"

"தச்சவ."

"அவளத் திட்டுனியா?"

"திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

மே 14

பியூலா என்னோடு பேசுவதில்லை. எனக்கும் பேச்சு இல்லை. எல்லாச் செய்தியும் எப்சி வழியாகப் போகிறது. "அத்தைட்ட சோறு வெந்துட்டுன்னு சொல்லு." "ஒங்கம்மாட்ட கேஸ்காரன் வந்தான்னு சொல்லு." பிள்ளை அடுப்படிக்கும் முன்னறைக்கும் ஓடி, ஒரு வார்த்தை தப்பாமல் சொல்லிவிட்டு வருகிறது. இதுவும் ஒரு பயிற்சிதான் போலிருக்கிறது.

மே 20

வெள்ளையில் நீலக் கோடு போட்ட துணி ஒன்று, நல்ல பருத்தி, பெட்டியில் இருந்தது. எப்சிக்கு வெட்டினேன். முன்பக்கம் பட்டன் வைத்து.

வெட்டுவதற்கு முன் கத்தரியை இரண்டு தடவை கீழே வைத்தேன். நெஞ்சுக்கு நடுவில் கத்தரி ஓடுவதைப் பார்க்க முடியவில்லை. பூவேலைக்கு இடமே இல்லை, பள்ளிக்கூடத்துப் பையன் சட்டை மாதிரி இருக்கிறது. பட்டன் பெரிது, பிடிக்க வாட்டமாக. காஜாவை ஒரு நூல் அளவு கூட்டியே வெட்டினேன். எனக்கு மெஷின் பழக்கிய டீச்சர் பார்த்தால் கையில் அடித்திருப்பாள்.

ஆணியில் தொங்கவிட்டேன். பியூலா அந்தப் பக்கமாகப் போனாள், நின்றாள், ஒரு பட்டனைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். இஸ்திரி போட்டுத் தரச் சொல்லி எப்சியிடம் சொல்லி அனுப்பினேன். போட்டு அனுப்பினாள்.

மே 26, ஞாயிறு

ஜெயசிங் விடியற்காலையில் வந்தான். தலை நரைத்திருக்கிறது. போனில் தெரியவில்லை.

மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்தோம். எப்சி தனி நாற்காலியில், தனித் தட்டில், தானே பிசைந்து சாப்பிட்டாள். ஜெயசிங் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பொறுத்துவிட்டுக் கேட்டான். "சரிக்கா. நீ சொல்லு. நேத்து போன்லகூட பியூலா ஒண்ணும் சொல்லல. அக்காட்ட கேளுங்கன்னுட்டா. கூட்டிட்டுப் போலாமா, இல்ல ஒரு வருஷம் போகட்டுமா? நீ இருக்கட்டும்னா விட்டுட்டுப் போறேன். எனக்கும் மனசு நிம்மதிதான், சத்தியமா."

பியூலா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் சோற்றுக்குள் அப்படியே நின்றுவிட்டன.

'இருக்கட்டும்' என்பது ஒரு வார்த்தை. வாய்க்குள் வந்துவிட்டது. சொன்னால் நாளைக் காலையும் நான்தான் அவளுக்குத் தலை சீவுவேன். மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் வரும், என் பக்கத்தில்தான் படுப்பாள். வீட்டில் ஒரு குரல் இருக்கும். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? இதை வேறு எங்கும் எழுத முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த நேரம் பார்த்து எப்சி ரசத்தைக் கவிழ்த்துவிட்டாள். மேஜை, நாற்காலி, தரை எல்லாம் ரசம். அவள் நாற்காலியிலிருந்து பின்பக்கமாக வழுக்கி இறங்கினாள். அடுப்படிக்குப் போய்த் தரைத்துணியை எடுத்து வந்தாள். குனிந்து துடைத்தாள். துடைத்த இடத்தைவிடப் பரப்பிய இடம்தான் அதிகம். என் கை மேஜைக்குக் கீழே எழுந்தது. அதைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்தேன்.

"கூட்டிட்டுப் போ" என்றேன்.

"நெசமாவாக்கா?"

"எல்லாம் வரும் அவளுக்கு. தொடைக்கத்தான் வராது. அத ஒம்பெண்டாட்டி சொல்லிக் குடுக்கட்டும். அவளுக்கும் வராது, ரெண்டு பேரும் சேந்து படிக்கட்டும்."

ஜெயசிங் சிரித்தான். பியூலா சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள். பதினாறு நாளுக்குப் பிறகு நேராகப் பேசினாள்.

"நீங்க செஞ்சத நான் மறக்கமாட்டேன் மைனி."

"மறக்காத."

"ரெண்டையும்" என்றாள். சோப்புக் கையோடு போய்விட்டாள்.

மே 30

"அத்தை, நான் போயிட்டா ஒனக்கு யாரு நூல் கோப்பா?"

"பக்கத்து வீட்டுக்காரி."

"அவ வேண்டாம். நீயே கோ."

"எனக்குக் கண்ணு தெரியல பிள்ள." வாய் தவறி வந்துவிட்டது. வெளிச்சம் குறைவு என்றுதான் சொல்ல வந்தேன்.

"மெதுவாக் கோ. அவசரமில்ல. ஒன்னால முடியும்." அப்படியே பியூலாவின் குரல். என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் தொடமாட்டேன். நீதான் செய்யணும்."

நூலை நனைத்தேன். உருட்டினேன். ஊசியின் காது ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம். மறுபடியும். மறுபடியும். எப்சியின் தோள் துடித்தது. கை முன்னால் வரத் துடிக்கிறது, இவள் விட மாட்டேன் என்கிறாள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கோக்கவே முடியவில்லை. ஊசியைத் தூக்கி எறிந்தேன். "சவம், போ" என்றேன். எப்சி எழுந்து போய்த் தேடி எடுத்து, பஞ்சில் குத்தி வைத்தாள். கோத்துத் தரவில்லை.

"நாளைக்கும் செஞ்சு பாரு" என்று சொல்லிவிட்டுப் பூனையிடம் போய்விட்டாள்.

ஜூன் 1

போய்விட்டார்கள்.

காலையில் நீலக் கோட்டுக் கவுனைத் தானே போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு பட்டன் மாறிவிட்டது. கழுத்து ஒரு பக்கம் ஏறி, கீழே ஒரு பக்கம் தொங்கியது. என் கைத்தையலில் முதல் தடவையாக ஒரு பிள்ளை கோணலாகத் தெருவில் இறங்கப் போகிறது. நான் பியூலாவைப் பார்த்தேன். பியூலா ஜெயசிங்கைப் பார்த்தாள். மூன்று பேரும் போலீஸ் பிடித்த ஆட்கள் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். எப்சி அப்படியே காரில் ஏறினாள்.

பியூலா, "போயிட்டு வாறேன் மைனி" என்றாள். "ம்" என்றேன். எங்களுக்குள் அவ்வளவுதான். அது மாறப் போவதில்லை.

கார் நகர்ந்த பிறகு எப்சி கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள். "அத்தை, நீ தனியா சாப்ட்டுருவியா?"

"சாப்பிடுவேன், நீ போ பிள்ள" என்று கத்தினேன். கார் திரும்பிவிட்டது. காதில் விழுந்ததா தெரியாது.

மத்தியானம் சமைக்கவில்லை. அழுதேன். எழுதி வைப்பதில் என்ன, அழுதேன்.

ஜூன் 2, ஞாயிறு

குளியலறைப் பலகை இன்னும் குழாய்க்குக் கீழேதான் இருக்கிறது. இடறினேன். எடுக்கவில்லை.

ஜூன் 5

வயலா டீச்சர் தன் பேத்திக்குக் கவுன் தைக்கத் துணி கொண்டு வந்தாள். பட்டன் முதுகிலா, முன்னாலா என்று கேட்டேன். "என்னக்கா புதுசாக் கேக்கீங்க, நீங்க எப்பவும் முதுகுலதான வைப்பீங்க?" என்றாள். பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டேன். நாலு முடிகிறதாம். அப்போ முன்னால்தான் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு முகம் சரியில்லை. பிடிக்காவிட்டால் வேறு தையல்காரியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அவள் போன பிறகு பஞ்சிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். நூலை நனைத்து, உருட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு. எத்தனையாவது தடவையில் என்று எழுத மாட்டேன். கோத்துவிட்டேன்.

அக்கம்பக்கம் பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை. கை தட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா?" என்றாள். கொசு என்று சொன்னேன்.